திருகோணமலையிலிருந்து கொழும்பு கிளினிக்குக்கு: சலப் போத்தல், கொமோட் கதிரை, பம்பர்ஸ் – நீண்ட நாள் பாவித்ததில் கண்டவை

நடக்க முடியாத அப்பா, அம்மாமார் கிளினிக்குக்கு முதல்நாளே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். வான் வண்டியில் பல மணித்தியாலம், பிள்ளையிடம் கேட்க வெட்கம். தண்ணீர் குறைந்தால் சலம் கடுக்கும், மலம் இறுகும், சலக்கிருமி வர இடமாகும், எழுப்பும்போது தலை சுற்றும். வழியில் போக ஒழுங்கு இருக்கிறது என்று காட்டிவிட்டால் அவர்களே குடிப்பார்கள். சலம் போக்கும் குளிசை எடுப்பவர்கள் பயண நாளில் அதை எத்தனை மணிக்குப் போடுவது என்று டொக்டரிடம் முன்பே கேளுங்கள்; நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஆண்களுக்கு ஒரு லீற்றர் சலப் போத்தல் போதும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். சாய்ந்தபடி பிடித்தால் போத்தலின் அடி வாயைவிட உயர்ந்து சிந்தும். இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்த்தி, அடியைத் தாழ்த்திப் பிடியுங்கள். அம்மாமாருக்குப் போத்தல் சரிவராது. ஒரு பக்கம் மெல்லிசான பெட்பான் (படுத்தபடி அடியில் வைக்கும் மலசலத் தட்டு) நல்லது. மெல்லிய பக்கம் முதுகுப்புறம் போக வேண்டும்.

எங்கள் கணிப்பில் காசுக்குப் பெறுமதியானது மடிக்கும் கொமோட் கதிரைதான்; இருக்கையில் ஓட்டையும் அடியில் வாளியும் இருக்கும். வாளிக்குள் பையை விரித்து, புதிய பம்பர்ஸ் ஒன்றின் உள்பஞ்சைக் கிழித்துப் போட்டால் சலம் கூழாகிவிடும். வான் குலுங்கினாலும் தளும்பாது. அந்தக் கூழைக் கக்கூஸில் கொட்டினால் குழாய் அடைக்கும், பையோடு கட்டிக் குப்பைக்குப் போடுங்கள். பாரிசவாதம் வந்தவருக்குக் கதிரையைப் பலமான பக்கம் வைத்து, பிரேக்கைப் பூட்டி, பாதம் நிலத்தில் படும்படி எழுப்புங்கள். கால்தட்டில் ஏறி நின்றால் கதிரை முன்னால் கவிழும்.

விடியப்புறம் புறப்படுவதானால் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை நிற்கும். இறங்காமல் வானுக்குள்ளேயே முடியுங்கள். புறப்பட முன் சுடத் தேத்தண்ணியும் கொஞ்சம் சாப்பாடும் கொடுத்து, இருபது நிமிடத்துக்குப் பிறகு கொமோட்டில் இருத்தினால் பலருக்கு மலம் வீட்டிலேயே போய்விடும்.

பம்பர்ஸ் கைகாவலுக்கு மட்டுமே. கேட்கத் தெரிந்த மனிதரை "அதிலேயே போங்கோ" என்று விடுவது எங்களுக்கு ஒப்பவில்லை. இடுப்பு, பிட்டம் இரண்டையும் அளந்து பெரிய அளவுக்கு வாங்குங்கள். தொடையோரச் சுருக்குமடிப்பு உள்ளே மடங்கிக் கிடந்தால்தான் பெரும்பாலும் ஒழுகும். விரலால் வெளியே இழுத்துவிடுங்கள். றப்பர் சீற் வெறும் தோலில் வேண்டாம், மேலே பருத்தித் துணி. கதீற்றர் (சலம் போகப் போட்ட குழாய்) உள்ளவருக்குச் சலம் சேரும் பை, அடிவயிற்றுக்குள் இருக்கும் சலப்பையைவிடக் கீழே தொங்க வேண்டும், நிலத்தில் படக்கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நிறைய முன் வெறுமையாக்குங்கள். சலம் வராவிட்டால் தொடைக்கடியில் குழாய் மடங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மறைப்புக்குப் பெரிய சாரம்: தலைவழி போட்டுக் கழுத்தோடு பிடித்தால் முழு உடம்பும் மறையும். அம்மாவுக்கு முன்திறப்பு ஹவுஸ்கோட். யார் உதவுவது என்பதை அவர்களிடமே முதல்நாள் கேளுங்கள். மகனைவிட மருமகள் சரி என்பார்கள், சிலர் நேர்மாறாக. விரலால் இரண்டு தட்டு போல ஒரு அடையாளம் பேசி வைத்தால், "அப்பாவுக்குச் சலம் வருதாம்" என்று சாரதி கேட்கச் சொல்லத் தேவையில்லை. யானை நிற்கும் இடம் தவிர, போத்தலை வெளியில் எடுக்கமுன் சாரதி இறங்கிவிட வேண்டும்; இதை வாடகை பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

ஆஸ்பத்திரிக் கக்கூஸ் வாசல் ஒடுக்கமாக இருக்கலாம். சக்கர நாற்காலியின் அகலத்தை, கைவளையத்தோடு சேர்த்து, முன்பே அளந்து வைத்து, அளவுநாடாவையும் கொண்டுபோங்கள். திரும்பி வந்ததும் போத்தலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மூடியைத் திறந்து வெயிலில் கவிழ்த்து வையுங்கள். ஈரத்தோடு மூடினால் அந்த மணம் பிறகு போகாது.