கிதார் சுருதி இறக்கக் கொடுத்தேன், 6,500 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரிதான் கிதாரின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வயிறு எரிகிறது, அதனால் இப்பவே எழுதுகிறேன். கடைப் பேர் போடவில்லை. நெல்லையில் இசைக்கருவி விற்று, ரிப்பேரும் பார்க்கிற கடை.

எங்க ட்ரூப் கோயில் கொடைகளுக்கு, அதாவது ஊர்க் கோயில் திருவிழாக்களுக்கு, வாசிக்கிறது. பாடுகிற அண்ணனுக்கு மேலே எட்டவில்லை, ஒரு முழு ஸ்டெப் இறக்கி 'இ'யிலிருந்து 'டி'க்குப் போகலாம் என்று முடிவாச்சு. என் கிதாரில் மிதக்கிற ட்ரெமோலோ பிரிட்ஜ், அதாவது கம்பி மாட்டுகிற பிரிட்ஜே கைப்பிடியை அமுக்கினால் சாய்ந்து சுருதியை இறக்கும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். சும்மா கம்பி முறுக்குகிற கீயைத் திருகி இறக்கிவிட முடியாது. முன்னால் ஆறு கம்பி இழுக்கும், பின்னால் ஸ்பிரிங் இழுக்கும், நடுவில் பிரிட்ஜ் தராசு மாதிரி நிற்கும். ஒரு ஸ்டெப் இறக்கினால் கம்பியின் இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஸ்பிரிங் கை ஓங்கி பிரிட்ஜ் பின்பக்கம் அமுங்கும், கம்பி கழுத்திலிருக்கிற ஃப்ரெட் பட்டையில் உரசிக் கிர்ரென்று அடிக்கும். தடித்த கம்பி போடணும், ஸ்பிரிங்கையும் அதுக்குத் தக்கபடி வைக்கணும்.

கடையில் இதைச் சொன்னேன். அண்ணாச்சி குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கிதாரை மடியில் போட்டு, பிரிட்ஜை விரல் நுனியால் அமுக்கி, மரத்தில் காதை வைத்துக் கேட்டார். "பத்து-ஐம்பத்திரண்டு செட் போட்டு, ஸ்பிரிங்கையும் சரி பண்ணித் தாரேன். நீங்க போங்க தம்பி, எம்புள்ள மாதிரி பாத்துக்கிடுதேன்." பத்து, ஐம்பத்திரண்டு என்பது செட்டில் மெல்லிய கம்பி, தடித்த கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. அந்தக் காதை வைத்துக் கேட்டதில்தான் நான் விழுந்தேன். 6,500 ரூபாயை முன்கூட்டியே எண்ணிக் கொடுத்தேன். கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு.

அம்பாசமுத்திரம் பக்கம் கொடை. ரெண்டாவது பாட்டில் கைப்பிடியை ஒரு தடவைதான் அமுக்கினேன், சுருதி திரும்பி வரவே இல்லை. அத்தனை ஜனத்துக்கு முன்னால் வால்யூமைக் குறைத்துவிட்டு நின்றேன்.

போன் பண்ணினால், "புதுக் கம்பி தம்பி, ரெண்டு நாள் இழுக்கத்தான் செய்யும்." அப்புறம், "மாஸ்டர் தென்காசி போயிருக்காவ." அப்புறம், "நீங்க ஓங்கி அமுக்கியிருப்பிய." நேரில் போனால் கடைப்பையன், "முதலாளி சாப்பிடப் போயிருக்காவ" என்றான். மணி நாலரை. நேற்றிலிருந்து என் நம்பரை பிளாக் பண்ணியாச்சு.

பின்மூடியைத் திறந்தால், ஸ்பிரிங் தகட்டைப் பிடிக்கிற ரெண்டு ஸ்க்ரூவின் தலையிலும் பழைய தூசி அப்படியே கெட்டியாக இருக்கிறது. ஸ்பிரிங்குக்கு நடுவே நூலாம்படை. ஸ்க்ரூட்ரைவர் அந்தப் பக்கமே போகவில்லை! லேத் பட்டறை வைத்திருக்கிற நண்பன் மைக்ரோமீட்டரில் தடித்த கம்பியை அளந்தான். 1.32 மி.மீ. இருக்கணும், 1.07 தான் இருக்கிறது. அது ஒன்பது-நாற்பத்திரண்டு செட். உரசல் கேட்காமலிருக்க முன்னால் பிரிட்ஜைத் தாங்குகிற ரெண்டு தூணையும் தூக்கிவிட்டிருக்கிறார், அதுவும் கம்பியைத் தளர்த்தாமலே. தூணில் பதிந்து ஆடுகிற பிரிட்ஜின் கத்தி விளிம்பு உரசி நறுங்கிப் போச்சு, நகம் வைத்தால் தட்டுகிறது. இனி அது நின்ற இடத்துக்குத் திரும்பாது. 6,500 ரூபாயும் கொடுத்து, பிரிட்ஜையும் இழந்தேன்.

யாராவது கொடுக்கப் போகிறீர்களென்றால்: கொடுக்கும் முன்பே பின்மூடியைக் கழற்றி போட்டோ எடுத்து வைங்க. புதுக் கம்பியின் கவரைக் கேட்டு வாங்குங்க. கைப்பிடியை நாலு தடவை அமுக்கி, ட்யூனரில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்க. முழுப் பணமும் முன்னாடி கொடுக்கவே கொடுக்காதீங்க, 6,500 ரூபாய்!

இன்னும் சொல்லணும், நேரமில்லை. செவ்வாய்க்கிழமை அடுத்த கொடை, இரவல் கிதார் தேடப் போறேன்.