டோபோ தாளா, கிராம வரைபடமா? வேலூர்ப் பக்கம் குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு

என் அம்மாவைப் பெற்ற பாட்டிக்குக் கணியம்பாடிப் பக்கம். "எங்க அப்பா பொறந்தது இந்த ஊர்ல இல்ல, ஏரிக்கு அந்தாண்ட பழைய ஊர்ல" என்று அடிக்கடி சொல்வார். ஏரிக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் வேலிக்காத்தான் முள்ளும் ஓர் அரசமரமும்தான் நிற்கும். பாட்டி போன பிறகுதான் அந்தப் பழைய ஊரைத் தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடலில் இரண்டு வகை வரைபடங்கள் மாறி மாறி என் கையில் இருந்தன. ஒன்று சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய டோபோ தாள், அதாவது ஊர், ஏரி, மேடு, பாதை எல்லாம் குறித்த நிலத்தோற்ற வரைபடம். இன்னொன்று வருவாய்த் துறையின் கிராம வரைபடம். அதோடு சேர்ந்தவை, ஒவ்வொரு புலத்தையும் தனித்தனியாக வரைந்த புலப்படமும் ஊர் நிலங்களின் விவரப் பட்டியலான 'அ' பதிவேடும். எதில் ஆரம்பிக்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களை நான் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்ததா?

ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பது அளவுகோலைப் பார்த்தாலே புரியும். பழைய டோபோ தாளில் ஒரு மைல் ஒரு அங்குலம். மெட்ரிக் முறை வந்த பிறகு அச்சான தாள்கள் 1:50,000. சென்னை மாகாணத்துக் கிராம வரைபடத்திலோ ஒரு மைலுக்குப் பதினாறு அங்குலம். அதாவது டோபோ தாளில் ஒரு சதுர அங்குலத்துக்குள் 640 ஏக்கர் அடங்கிவிடும்; கிராம வரைபடத்தில் அதே சதுர அங்குலத்தில் இரண்டரை ஏக்கர்தான். உங்கள் தாத்தாவின் கொல்லை இரண்டரை ஏக்கர் என்றால் டோபோ தாளில் அது ஊசிமுனைப் புள்ளி. கிராம வரைபடத்தில் அதன் மூலை முடுக்கு எல்லாம் தெரியும், சர்வே எண்ணோடு.

அப்படியானால் கிராம வரைபடமே போதுமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கிராம வரைபடம் கிராம எல்லையோடு நின்றுவிடும். எல்லைக்கோட்டுக்கு வெளியே பக்கத்து ஊர்களின் பெயர் மட்டும் இருக்கும், மற்றபடி வெள்ளைத் தாள். மனிதர்கள் அப்படி வாழவில்லையே.

டோபோ தாளின் எண்ணைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வேலூர் 57 பி/1 (ஆங்கில P) என்ற தாளில் வருகிறது. கணியம்பாடியும் காட்பாடியும் அதிலேயே உண்டு. ஒரு தாள் நீள அகலத்தில் கால் பாகை, ஏறக்குறைய 27 கிலோமீட்டர். இதற்கு நேர் மேலே இருக்கும் தாள் 57 ஓ/4, அதில் சித்தூர். மேற்கே 57 எல்/13, குடியாத்தம். கிழக்கே 57 பி/5, ஆற்காடு. இந்த எண்களுக்கு மாவட்ட எல்லையும் தெரியாது, மாநில எல்லையும் தெரியாது. வடஆற்காட்டுக்காரர்களுக்கு இது பெரிய உதவி. ஏனென்றால் நம் பக்கத்து ஆவணங்கள் எல்லை மாறி மாறியே சிதறின. 1911 வரை மாவட்டத் தலைமையிடமே சித்தூர்தான். அந்த வருடம் சித்தூர் தனி மாவட்டமான பிறகு வேலூர் தலைமையிடம் ஆனது. 1989-ல் வடஆற்காடு இரண்டானது. 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஒரே ஊரின் பதிவேட்டைத் தேட, அது எந்தக் காலத்தில் எந்தத் தாலுகாவில் இருந்தது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். டோபோ தாளுக்கு அந்தத் தொல்லையே இல்லை.

எங்கள் வீட்டில் பெண் கொடுத்து எடுத்த ஊர்களை எல்லாம் அத்தைகளிடமும் பெரியம்மாவிடமும் கேட்டு எழுதி, இரண்டு தாள்களைத் தரையில் ஒட்டவைத்துப் புள்ளி வைத்தேன். பாதிப் புள்ளிகள் வேலூரிலிருந்து காட்பாடி வழியாகச் சித்தூருக்குப் போகும் சாலையை ஒட்டி விழுந்தன. சில இன்று ஆந்திராவில் இருக்கின்றன. "அவங்க தெலுங்கு தேசத்து உறவு" என்று சின்ன வயதில் ஏதோ தூர தேசம் போலக் கேட்ட ஊர், மாட்டு வண்டியில் விடியற்காலை கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தது. மீதிப் புள்ளிகள் ஏரிகளை ஒட்டி, ஒன்றின் கலங்கலில் வழிகிற தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகிற வரிசையில் இருந்தன. ஒரே ஓடையின் தண்ணீரைக் குடித்த ஊர்களுக்குள் சம்பந்தம் நடந்திருக்கிறது. இதைக் கிராம வரைபடம் ஒருநாளும் சொல்லியிருக்காது.

டோபோ தாளில் இன்னும் நிறைய உண்டு, பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஏரிக்கரை மேல் சின்ன எண் இருந்தால் அது கரையின் உயரம். கல் கட்டிய கிணறு, கட்டாத கிணறு, பனைமரம், கோயில், மசூதி, கல்லறை, வண்டிப்பாதை, ஒற்றையடிப் பாதை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி. குடியிருக்கும் ஊருக்கு ஒரு குறி, கைவிடப்பட்ட ஊருக்கு வேறு குறி. பாட்டி சொன்ன இடத்தில் இந்த இரண்டாவது குறியைப் பார்த்த அன்று நான் வெகுநேரம் தாளை மடிக்கவில்லை. பெயர்கூட எழுதப்படாத நாலைந்து வெற்றுக் கட்டங்கள், பக்கத்தில் ஒரு கிணறு. அவ்வளவுதான், ஆனால் பாட்டி சொன்னது கதை இல்லை என்று தெரிந்துபோனது.

ஒரு எச்சரிக்கை. தாளின் ஓரத்தில் அளந்த வருடம் ஒன்று, அச்சிட்ட வருடம் வேறு. உங்களுக்கு வேண்டியது அளந்த வருடம். ஓரம் கிழிந்த தாள் கிடைத்தால் ரயில் பாதையைப் பாருங்கள். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-ல் ரயில் வந்தது. காட்பாடி–விழுப்புரம் பாதை 1891-ல். கணியம்பாடிப் பக்கத்துப் பழைய வரைபடத்தில் அந்தப் பாதை இல்லை என்றால், அதில் இருப்பது அதற்கு முந்தைய காலத்து ஊர். இன்னொன்று, பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான். ழ, ள, ல மூன்றும் ஒன்றாகிவிடும். வந்தவாசியை 'வாண்டிவாஷ்' என்று எழுதியவர்கள் சின்னச் சின்னக் குப்பங்களின் பெயரை எப்படி எழுதியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபடும்.

சரி, நிலம் வைத்திருந்த குடும்பம் என்றால் என் ஓட்டு கிராம வரைபடத்துக்கே. டோபோ தாளில் ஒரு மனிதரின் பெயர்கூடக் கிடையாது. 'அ' பதிவேட்டில் சர்வே எண், உட்பிரிவு, பழைய எண், நஞ்சையா புஞ்சையா, பரப்பு, தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கும். வம்சாவளி தேடுகிறவருக்கு அதில் புதையல் என்று நான் சொல்வது உட்பிரிவு எண்ணைத்தான். ஒரு காலத்தில் 45 என்று முழுதாக இருந்த புலம் பிறகு 45/1, 45/2 ஆகி, 45/2ஏ, 45/2பி ஆகிறது. அந்த ஒவ்வொரு உடைப்பும் ஒரு பாகப்பிரிவினையாகவோ கிரயமாகவோ இருக்கும். பழைய புலப்படத்தையும் இன்றைய புலப்படத்தையும் பக்கத்தில் வைத்தால், அண்ணன் தம்பி எத்தனை பேர், யார் பங்கு எந்தப் பக்கம் என்று ஊகிக்க முடியும். கிணறு மட்டும் பெரும்பாலும் உடைபடாது. "கிணற்றில் மூன்றில் ஒரு பாகம்" என்று ஒரு பத்திரத்தில் பார்த்தால், மற்ற இரண்டு பாகக்காரர்களின் பேரப்பிள்ளைகளைத் தேடிப் போங்கள். பங்காளியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே மூலப்பத்திரம் கூட வரவேண்டும். பதிவேட்டில் வெறும் பெயராக இருப்பவர் பத்திரத்தில் "இன்னார் குமாரர் இன்னார்" என்று அப்பா பெயரோடு வருவார். அப்புறம் சக்குபந்தி: இன்னாருடைய நிலத்துக்குக் கிழக்கு, ஏரிக் கால்வாய்க்கு மேற்கு என்று நான்கு எல்லையிலும் அக்கம்பக்கத்தார் பெயர். அந்தப் பெயர்களைக் கிராம வரைபடத்தில் சர்வே எண்ணோடு எழுதிப் பார்த்தால், அந்தக் காலத்து வயல்வெளியே ஆட்களோடு எழுந்து வரும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். 1979 முதல் 1987 வரை யுடிஆர் என்று நாம் சொல்லும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. அதற்கு முந்தைய பத்திரத்தில் இருக்கும் எண்ணை இன்றைய எண் என்று நம்பிவிடாதீர்கள். பழைய எண் பத்தியைச் சரிபார்த்த பிறகே வயலுக்குப் போங்கள். நான் சரிபார்க்காமல் போய், வேறு யாரோ ஒருவர் கொல்லையில் நின்று கண்கலங்கிவிட்டு வந்தேன்.

இனி நிலம் இல்லாத குடும்பம். வடஆற்காட்டில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம், என் பாட்டி வீட்டையும் சேர்த்து. கிராம வரைபடத்தில் நத்தம், அதாவது வீடுகள் இருக்கும் இடம், ஒரே கட்டம். அதற்குள் வீடு வீடாக அளந்து பெயர் எழுதியது வெகு பிற்காலத்தில். கூலிக்கு உழுதவர், தோல் பதனிட்டவர், ஆடு மேய்த்தவர் யாரும் பழைய பட்டாதாரர் பத்தியில் இல்லை. ஒரு விலக்கு உண்டு. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். உங்கள் ஊர்ப் பழைய பதிவேட்டில் அப்படி ஒரு குறிப்பு இருந்தால், அந்தப் பக்கத்தில் உங்கள் முப்பாட்டன் பெயர் இருக்கலாம். அந்தப் பெயர் பிறகு எப்போது மறைந்து வேறு பெயர் வந்தது என்பதும் உங்கள் குடும்ப வரலாறுதான்.

மற்றவர்களுக்கு டோபோ தாளே துணை. ஊரிலிருந்து தள்ளி ஒரு கூட்டமாக வீடுகள், அதற்கென்று தனியாக ஒரு கிணறு, அங்கிருந்து ஊரைத் தொடாமல் சுற்றிப் போகும் ஒற்றையடிப் பாதை. யார் எங்கே வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதைக் குறியீடுகளே சொல்லிவிடுகின்றன. பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவர்களின் வழியும் தெரியும். என் பாட்டியின் சித்தப்பா கோலார் தங்கவயலுக்குப் போனார் என்று வீட்டில் பேச்சு. தங்கவயல் 57 எல்/5 தாளில் வருகிறது. அதாவது 57 பி/1-க்கு இடப்பக்கம் 57 எல்/13, அதற்கு இடப்பக்கம் ஆம்பூர் வரும் 57 எல்/9, அதற்கும் அடுத்தது அது. நான்கே தாள்கள், ஒரே வரிசை. பாலாற்றுக் கரையும் ரயில் பாதையும் பக்கம் பக்கமாக ஆம்பூர் தாண்டிப் போவதைப் பார்த்தால் சித்தப்பா ஏன் கிழக்கே சென்னைக்குப் போகாமல் மேற்கே போனார் என்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

கிடைக்கும் இடம் பற்றிச் சுருக்கமாக. இன்றைய 'அ' பதிவேடும் புலப்படமும் அரசின் இணையச் சேவையில் கிடைக்கின்றன. கிராம வரைபடத்துக்குச் சேப்பாக்கத்து மத்திய நில அளவை அலுவலகம். பழைய பதிவேடுகளுக்கும் வரைபடங்களுக்கும் எழும்பூர் ஆவணக் காப்பகம். 1950-களில் அமெரிக்க ராணுவம் 1:250,000 அளவில் தயாரித்த தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. பெரிய ஊர், ஆறு, சாலை பார்க்க அது போதும்; பழைய ஊரும் கிணறும் அதில் தேறாது.

பழைய தாளைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்டுப் பார்ப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற, பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கை வைத்து வரைந்தவை. அப்படியே போட்டால் எல்லாம் கொஞ்சம் தள்ளி விழும். கோயில், ஏரிக்கரை வளைவு, ரயில் பாலம் மாதிரி இடம் மாறாத மூன்று நான்கு புள்ளிகளில் இழுத்துப் பொருத்துங்கள். கிராம வரைபடத்துக்கு, மூன்று கிராமங்கள் சந்திக்கும் எல்லைக்கல் நல்ல பிடி.

அப்படிப் பொருத்திய பிறகுதான் பாட்டியின் பழைய ஊருக்குக் கைபேசியோடு மறுபடி போனேன். டோபோ தாளில் வெற்றுக் கட்டங்கள் இருந்த அதே இடம் 'அ' பதிவேட்டில், ஒரு வீடும் இல்லாமல், இன்னும் நத்தம் என்றே இருக்கிறது. முள்ளை விலக்கிக்கொண்டு நாற்பது அடி போனதும் கல் கட்டிய கிணறு இருந்தது. பாதி தூர்ந்திருந்தது. படிக்கட்டின் மேல் நாலு கல் மட்டும் வெளியே தெரிந்தது.