பழைய புத்தகக் கடையில் கிடைத்த டோல்கீன்

சேலம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவல் மூன்று பாகமும் ஒரே புத்தகமாக 400 ரூபாய்க்குக் கிடைத்தது. முதுகில் காக்கி டேப், நடுவில் இரண்டு தாள் கழன்றிருந்தன, அதைக் கடைக்காரரே பிரித்துக் காட்டி 50 ரூபாய் குறைத்தார். அந்த நேர்மைக்காகவே மறுபடியும் போவேன்.

ஏற்காட்டில் மழைக்கு அடைந்து கிடந்த நாட்களில் படித்தேன். மாயாஜாலக் கதை என்று எடுத்தது, போரைப் பற்றிய புத்தகமாகத்தான் பட்டது. டோல்கீன் முதல் உலகப் போரில், 1916இல் பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் சிக்னல் அதிகாரியாக இருந்தவர், பேன்களால் பரவும் பதுங்குகுழிக் காய்ச்சல் வந்து ஊர் திரும்பினார், 1918க்குள் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் இறந்துவிட்டார்கள். கதையில் வரும், தண்ணீருக்கடியில் செத்த முகங்கள் தெரிகிற சதுப்புநிலத்தில் அந்தக் களத்தின் சாயல் இருப்பதாக அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

என் மனதில் நின்றது சாம், கதாநாயகன் ஃபிரோடோவுக்குத் துணையாகப் போகிறவன். எதிரிப் படைவீரன் ஒருவன் பக்கத்திலேயே செத்து விழுகிறான், சாமோ அவன் பேர் என்னவோ, எந்த ஊரோ, மனசார வந்தானா மிரட்டி இழுத்து வந்தார்களா என்று யோசிக்கிறான். ஊரைக் காக்கச் சண்டை போடலாம், ஆனால் வாளை வாளுக்காக நேசிக்க முடியாது என்கிற படைத்தலைவன் ஃபாரமிரும் அதே ரகம். ஜெயித்த பிறகும் ஃபிரோடோவின் காயம் ஆறவில்லை. ராணுவத்திலிருந்து வந்த எங்கள் பெரியப்பா தீபாவளி வெடிச்சத்தத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவர் ஞாபகம் வந்து புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன்.

எழுத்து ரொம்பப் பொடிசு. கண்ணாடி போடுகிறவர்கள் தனித்தனிப் பாகங்களாகக் கேட்டு வாங்குங்கள்.