ஐ20 என் லைன்: மேனுவலா, டிசிடியா?

நாகர்கோவிலில் ஹூண்டாய் ஐ20 என் லைன் வாங்கப் போனால் முதல் குழப்பம் இதுதான்: 6 கியர் மேனுவலா, கிளட்ச் மிதிக்காமலே தானாகக் கியர் மாறும் 7 கியர் டிசிடியா? இரண்டிலும் அதே 1.0 லிட்டர் டர்போ இன்ஜின், 120 பிஎஸ் சக்தி. ஆரல்வாய்மொழிப் பக்கம் காலியான சாலையில் மேனுவல்தான் சுகம். தினமும் தக்கலை, மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்பவருக்கோ இடது கால் கெஞ்சும். டிசிடிக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். என் ஓட்டு மேனுவலுக்கு. மிச்சப் பணத்தில் நல்ல டயர் போடலாமே.

பேரம் இரண்டுக்கும் ஒன்றுதான். "எவ்வளவு குறைப்பீங்க?" என்று மட்டும் கேட்காமல், பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை வரி வரியாக எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸை வெளியே எடுக்கலாம், ஷோரூம் கட்டாயப்படுத்த முடியாது. அப்புறம், மேட், சீட் கவர் 'பேக்கேஜ்' வேண்டாமென்றால் வேண்டாம்தான்.