முற்றத்துக்கு எந்தக் கல்: இடிபாடா, பிளாஸ்ரிக்கா, சாம்பலா?

யாழ்ப்பாணத்தில் முற்றத்துக்குப் பதிக்கும் கல்லை விலையையும் உறுதியையும் மட்டும் வைத்துத் தெரிவு செய்ய முடியாது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணக்கல் பாறையின் வெடிப்புகளில் தேங்குகிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். முற்றத்தில் தேய்வதும் கரைவதும் கடைசியில் அந்த நீரைத்தான் தேடிப் போகின்றன. ஆகவே கழிவுப் பொருளில் அரிந்த கற்களை ஒப்பிடும்போது, ஒவ்வொன்றும் கிணற்றுக்கு என்ன செய்யும் என்பதையே முதலில் கேட்கிறேன்.

இடிபாட்டை எடுத்துக்கொள்வோம். வலிகாமம் வடக்கில் மீளக் குடியேறியவர்களுக்கு இது புதிதல்ல; சிதைந்த சுவரையும் நிலத்தையும் அகற்றாமல் புது அத்திவாரம் வெட்ட முடியாது. கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட வளவுகளில் குவியும் இந்தக் கல்லையும் பழைய கொங்கிரீட்டையும் உடைத்துச் சலித்தால் நல்ல சல்லி கிடைக்கும். கருங்கல் சல்லியோ வன்னியிலிருந்து லொறியில் வரவேண்டும். சல்லியில் மூன்றில் ஒரு பங்கு வரை இடிபாட்டிலிருந்து சேர்த்தால், கலவை சரியாக இருக்கும்வரை உறுதி பெரிதாகக் குறைவதில்லை. பழைய சாந்து ஒட்டியிருப்பதால் இது கருங்கல்லைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். முன்கூட்டியே நனைத்து வைக்காவிட்டால் கலவையின் நீரை உறிஞ்சிவிடும். கல் ஓரம் உதிரும். சலித்தபின் மிஞ்சும் தூளை மணலுக்குப் பதிலாக அள்ளிப் போடுவதும் கூடாது, அது இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

கடற்கரை வீடுகளின் இடிபாட்டில் உப்பு இருக்குமே என்று தயங்குகிறவர்கள் உண்டு. தூணுக்கும் உத்தரத்துக்கும் அது நியாயமான பயம், உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். பதிக்கும் கல்லில் கம்பியே இல்லை. மேலே வெள்ளையாக உப்புப் பூக்கலாம், அவ்வளவுதான். நான் அஞ்சுவது அஸ்பெஸ்டஸ் சீற்றுக்கு. அதன் ஒரு துண்டுகூட உடைக்கும் இயந்திரத்துக்குள் போகக்கூடாது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு புற்றுநோயாக வெளிப்படலாம். வேலை செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் பட்டறை நடத்துவது பெரும் பிழை.

பிளாஸ்ரிக்கை உருக்கி மணலோடு கலந்து அச்சில் அழுத்தும் கல்லுக்கு இப்போது நல்ல பெயர் இருக்கிறது. சீமெந்தே வேண்டாம், நீர் உறிஞ்சாது, தெருவிலும் கடற்கரையிலும் கிடக்கும் பொலித்தீன் பைகளுக்கு ஒரு வழி பிறக்கும். அந்த நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் முற்றத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பை செய்யும் பொலித்தீன் ஏறத்தாழ 110 பாகை செல்சியசில் உருகும். அதற்கு வெகு முன்னரே பாரம் ஏறினால் நெகிழத் தொடங்கும். சித்திரை வெயிலில் நிற்கும் வாகனத்தின் சில்லுக்குக் கீழே அது எப்படித் தாங்கும்? உருக்கும்போது பீவீசீ குழாய்த் துண்டு கலந்துவிட்டால் ஐதரோகுளோரிக் அமிலப் புகை கிளம்பும். வெயிலில் வெளிறித் தேயும் மேற்பரப்பிலிருந்து நுண்துகள்கள் உதிர்ந்து மழையோடு நிலத்துக்குள் போகும். சுண்ணக்கல் வெடிப்பு மணலைப்போல் அவற்றை வடிகட்டாது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

நிலக்கரிச் சாம்பல் வேறு வகை. அது சல்லிக்குப் பதிலாக அல்ல, சீமெந்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்வது. நுரைச்சோலை அனல் மின்நிலையத்தில் மலையாகக் குவிகிறது. சீமெந்தில் ஐந்தில் ஒரு பங்கை இதனால் மாற்றினால் கல் நெருக்கமாகும். ஆனால் உறுதி மெதுவாகவே ஏறும். வழக்கத்தைவிட அதிக நாட்கள் தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தும் பொறுமை வேண்டும். சாம்பலில் உள்ள கன உலோகங்களைச் சீமெந்து பெருமளவு கட்டிப்பிடித்து வைக்கும், திறந்த குவியலாகக் கிடந்தால் அவை கசியும். எனவே பட்டறையில் மூட்டையாக இறக்கி வைப்பதைவிட, சாம்பல் சேர்த்தே வரும் கலப்புச் சீமெந்தை வாங்குவது மேல்.

கிளிநொச்சி அரிசி ஆலைகளின் உமிச் சாம்பலையும் சிலர் கேட்கிறார்கள். கட்டுப்பாட்டோடு சுமார் 600 பாகையில் எரித்த சாம்பல், சீமெந்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்க்க அருமையானது. திறந்த வெளியில் எரித்த கரிய சாம்பலுக்கு அந்தக் குணம் இல்லை. உடைந்த போத்தல் கண்ணாடி மாவாக அரைபட்டால் மட்டுமே உதவும். துண்டாகப் போட்டால் சீமெந்தின் காரத்தோடு வினைபட்டுக் கல்லை வெடிக்கச் செய்யும்.

என் தெரிவு இடிபாட்டுச் சல்லியும் கலப்புச் சீமெந்தும். நடப்பதற்கு 60 மில்லிமீற்றர், வாகனம் ஏறுவதற்கு 80 மில்லிமீற்றர் தடிப்பு. வாங்குமுன் நன்கு காய்ந்த ஒரு கல்லை நிறுத்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள். பதிக்கும் கொங்கிரீட் கல்லுக்கான ஐரோப்பியத் தரநியமம் 1338 அனுமதிக்கும் உறிஞ்சல் 6 சதவீதம். நான்கு கிலோ கல்லில் 240 கிராமுக்கு மேல் ஏறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பதிக்கும்போது இடைவெளிகளுக்குச் சாந்து பூச விடாதீர்கள், மணல் நிரப்பச் சொல்லுங்கள். இவற்றில் எந்தக் கல்லும் தன் ஊடாக மழையை அதிகம் விடாது. நீர் கீழே இறங்குவது அந்த இடைவெளிகளால்தான்.