விடியலில் ஏரி, சாயங்காலம் ஆறு: மூன்று ஒருநாள் பயணங்கள், ஓர் ஒப்பீடு

பறவைகளையும் பார்க்க வேண்டும், ஆற்றங்கரை ஊர் ஒன்றையும் சுற்ற வேண்டும், இரவு வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். இப்படிக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கிலோமீட்டரைத்தான் கணக்குப் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். ஆனால் காலை வாரிவிட்டது கடிகாரம்.

பறவைகளுக்கு நல்ல நேரம் விடியலும் பொழுது சாயும் வேளையும். கோயிலுக்கும் அதே நேரம்தான். மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். படித்துறையில் உட்காரவும் வெயில் தாழ வேண்டும். ஆக, ஒரு நாளில் நல்ல பொழுது இரண்டே இரண்டு. அதற்குப் போட்டி மூன்று. நடுவில் நாலு மணி நேரம் வெயில். ஒருமுறை ஏரியிலேயே பதினொன்று வரை நின்றுவிட்டு, அடித்துப் பிடித்துக் கோயில் வாசலுக்குப் போனால் கதவு சாத்திப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. குழந்தைகளோடு காருக்குள் உட்கார்ந்து இளநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டோம்.

அதிலிருந்து எந்தப் பயணமானாலும் இரண்டு கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன். விடியலை யாருக்குக் கொடுப்பது? மதியத்தை எங்கே கழிப்பது? கீழே உள்ள மூன்று இடங்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன்.

கூந்தன்குளமும் திருநெல்வேலியும்

நாங்குநேரி வட்டத்தில், திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனால் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரத்தில் கூந்தன்குளம் வந்துவிடும். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பிறகு உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைச் சொல்லும் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. பரப்பளவில் சின்ன இடம்தான், 129 ஹெக்டேர். ஆனால் இந்த மூன்றில் பறவையை இவ்வளவு பக்கத்தில் பார்க்கக்கூடிய இடம் வேறு இல்லை. சங்குவளை நாரைகள் குளத்துக் கருவேல மரங்களோடு நிற்பதில்லை. ஊருக்குள் வந்து வீட்டுக் கொல்லை வேம்பிலும் புளியிலும் கூடு கட்டுகின்றன. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். பைனாகுலரே வேண்டாம்.

வெயில் ஏற ஏற ஒன்றைக் கவனியுங்கள். தாய்ப்பறவை கூட்டின் விளிம்பில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு இறக்கைகளையும் பாதி விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடிக்கும். இணைப்பறவை அலகில் நீர் கொண்டுவந்து குஞ்சுகளின் மேல் சொட்டவிடும். இதை ஒரு வீட்டு ஓட்டுக்கூரைக்கு மேலே, நாலு ஆள் உயரத்தில், அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, “பார்த்து நடங்க ஐயா, குஞ்சு எதும் கீழ விழுந்து கெடக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். இந்த ஊரின் பால்பாண்டியைப் பற்றிப் படித்திருப்பீர்கள்; அப்படிக் கீழே விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்த்தே வாழ்நாளைக் கழித்தவர். தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் இது. சரணாலயப் பலகை வருவதற்கு முன்பே சரணாலயமாக இருந்த இடம்.

சரி, நகரம் எப்படி? இங்கேதான் நெல்லை மற்ற இரண்டையும் முந்துகிறது. தாமிரபரணிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கிறது. அதனால் கோடையிலும் ஆற்றில் தண்ணீர் இருக்கும். மார்ச், ஏப்ரலில் குஞ்சுகள் பெரிதாகிவரும் நேரத்தில் போனாலும், சாயங்காலம் காலை நனைக்க ஆறு உண்டு. தமிழ்நாட்டில் எத்தனை ஆறுகளைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

என் திட்டம் இதுதான். ஆறு மணிக்குக் கூந்தன்குளத்தில் இருங்கள். ஒன்பதரைக்குக் கிளம்பினால் நெல்லையப்பர் கோயிலுக்கு ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அவசரப்படாமல் அந்த இசைத்தூண்களிடம் போய் நில்லுங்கள். ஒரே கல்லில் பெரிய தூணும் அதைச் சுற்றிச் சின்னத் தூண்களுமாகச் செதுக்கியிருப்பார்கள். தட்டிப் பார்க்கக் கை பரபரக்கும், தட்ட வேண்டாம். மதியச் சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு. தெம்பு இருப்பவர்கள் ஆதிச்சநல்லூர் போகலாம். இரும்புக்கால முதுமக்கள் தாழிகளைத் தோண்டி எடுத்த இடத்திலேயே கண்ணாடித் தளம் போட்டுக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அப்புறம் நாலரைக்குக் குறுக்குத்துறை.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம் வந்தால் கோயில் முங்கும். உற்சவரை முன்கூட்டியே கரையில் இருக்கும் மேலக் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் கழுவிவிட்டுப் பூசை தொடரும். 2023 டிசம்பரில் வந்த அந்தப் பெருவெள்ளத்தையும் தாண்டி நிற்கிறது. திரும்பும்போது சுலோசன முதலியார் பாலத்தைக் கடப்பீர்கள். 1843-இல் திறந்தது, தனி மனிதர் ஒருவர் தன் கைக்காசைப் போட்டுக் கட்டியது. பாலத்தில் நிறுத்தி வேடிக்கை பார்க்க முடியாது, போக்குவரத்து அப்படி. கரையிலிருந்து பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. விடிவதற்குள் கூந்தன்குளம் போய்ச் சேரப் பேருந்தை நம்ப முடியாது. சொந்த வண்டியோ வாடகைக் காரோ வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் குளம் வற்றிவிட்டால் கூடுகளும் குறைந்துவிடும்.

கரைவெட்டியும் திருவையாறும்

கூந்தன்குளம் குடும்பத்துக்கு என்றால், கரைவெட்டி பறவைப் பித்து பிடித்தவர்களுக்கு. அரியலூர் மாவட்டத்தில் 450 ஹெக்டேருக்கு மேல் விரிந்த ஏரி. 2024-இல்தான் ராம்சர் பட்டியலில் இடம் பிடித்தது. புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரித் தண்ணீர் இங்கே வருகிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

ஏரி பெரியது, பறவைகள் தூரம். வெறுங்கண்ணால் பார்த்தால் தண்ணீருக்கு நடுவே கறுப்புப் புள்ளிகள்தான் தெரியும். குழந்தைகள் பத்து நிமிடத்தில் சலித்துப்போவார்கள். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 பைனாகுலரை எடுத்தால் அதே புள்ளிகள் ஊசிவால் வாத்துகளாகவும் தட்டைவாயன்களாகவும் பிரியும். வரித்தலை வாத்துக் கூட்டம் ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைய நாள் நிறைந்துவிட்டது. வெள்ளைத் தலையில் பின்பக்கமாக இரண்டு கறுப்புக் கோடு. மத்திய ஆசியாவில் இனப்பெருக்கம் செய்துவிட்டு இமயமலையைத் தாண்டிக் குளிர்காலத்தை நம் ஏரியில் கழிக்க வருகிற பறவை. அது கரையோரப் புல்லை வீட்டு வாத்து மாதிரி சாவகாசமாகக் கொத்தித் தின்பதைப் பார்க்கும்போது இத்தனை தூரம் பறந்து வந்தது என்று நம்பவே கஷ்டமாக இருக்கும். நான் நான்கு முறை போய் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்.

இங்கே விடியலைப் பறவைக்குக் கொடுப்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. வெயில் ஏறிவிட்டால் தண்ணீருக்கு மேல் சூடு அலையாடும். தூரத்துப் பறவையின் கோடுகள் கலங்கிவிடும்.

ஒன்பதரைக்குக் கிளம்பித் திருமானூரில் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் திருவையாறு பக்கம்தான். ஐயாறப்பர் கோயிலை நடை சாத்துவதற்குள் பார்த்துவிடலாம். பிராகாரத்தில் ஓரிடத்தில் நின்று “ஐயாறா” என்று கூப்பிட்டால் எதிரொலி அடுக்கடுக்காகத் திரும்பி வரும்; அங்கே மட்டும் குழந்தைகளைச் சத்தம் போட விடுங்கள், காலையெல்லாம் ஏரிக்கரையில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருப்பார்கள்.

மதியத்துக்கு இந்த வழியில் கிடைப்பதுபோல் வேறெங்கும் கிடைக்காது. 13 கிலோமீட்டரில் தஞ்சாவூர். அரண்மனைக் கலைக்கூடம் வெயில் நேரத்தில் திறந்திருக்கும். சோழர் கால வெண்கலச் சிலைகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. கோயில்கள் எல்லாம் சாத்தியிருக்கும் அந்தப் பொழுதுக்கு இதைவிட நல்ல நிழலை நான் கண்டதில்லை. நாலு மணிக்குத் திருவையாறு திரும்பி, புஷ்ய மண்டபப் படித்துறையில் உட்காருங்கள். பக்கத்திலேயே தியாகராஜர் சமாதி, 1847-இல் மறைந்தார்.

இனி அந்தத் தண்ணீர் விஷயம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். மூடிய பிறகு திருவையாற்றுக் காவிரி கொஞ்சம் கொஞ்சமாக மணலாகிவிடும். வலசைப் பறவைகளோ டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரைதான் நிறைய இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஏரியில் வாத்தும் ஆற்றில் தண்ணீரும் ஒன்றாக இருப்பது டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை, ஏறக்குறைய ஆறு வாரம். பிப்ரவரி கடைசியில் போனவர்கள் “காவிரியைப் பார்க்கப் போனோம், கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்” என்று சொல்வது இதனால்தான். அந்த ஆறு வாரத்திலும் தியாகராஜ ஆராதனை நாட்களைப் பார்த்துத் தள்ளிவையுங்கள். பெரும்பாலும் ஜனவரியில் வரும். ஊரில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. கச்சேரி கேட்கவே போகிறீர்கள் என்றால் அது வேறு பயணம், அதற்கு ஏரியைச் சேர்க்காதீர்கள்.

பிச்சாவரமும் பரங்கிப்பேட்டையும்

விடியற்காலையில் எழ முடியாதவர்களுக்கு இது. பிச்சாவரத்தில் பார்க்க வேண்டியது முதலில் காடு, பிறகுதான் பறவை. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, கடலோரத்தில், சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. படகு நகரத் தொடங்கியதும் சுரபுன்னையின் ஊன்றுவேர்கள் கால் கால்களாகத் தண்ணீருக்குள் இறங்கி நிற்பது தெரியும். தண்ணீர் வற்றும் நேரமானால் சேற்றில் நண்டுகளும், துள்ளி ஊரும் சிறு மீன்களும் கிடைக்கும். கொக்கு, நாரை, நீர்க்காகம், மீன்கொத்தி உண்டு. ஆனால் கூந்தன்குளத்து நெருக்கத்தையோ கரைவெட்டியின் எண்ணிக்கையையோ எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

மோட்டார் படகு வேண்டாம் என்பேன். அது அகலமான நீர்வழிகளிலேயே போகும், சத்தத்துக்குப் பறவையும் பறந்துவிடும். துடுப்புப் படகுதான் இடுக்கு வாய்க்கால்களுக்குள் நுழையும். கிளைகள் தலைக்கு மேல் கூடிவிடுவதால் பதினொரு மணிக்கும் உள்ளே நிழல். மற்ற இரண்டு பயணங்களிலும் வீணாகும் பொழுது இங்கே படகுப் பொழுதாகிவிடுகிறது. அதனால் வரிசையையே திருப்பிப் போடலாம்: காலை ஏழு மணிக்குச் சிதம்பரம் நடராசர் கோயில், பத்தரைக்குப் பிச்சாவரம், சாயங்காலம் பரங்கிப்பேட்டை.

எல்லோரும் சிதம்பரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். சிதம்பரம் பெரிய ஊர்தான்; ஆனால் ஆறு வேண்டும் என்றால் வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டைக்குத்தான் போக வேண்டும். போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லோரும் கப்பலை நிறுத்தி வியாபாரம் செய்த துறைமுகம். 1781 ஜூலையில் ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் சண்டை நடந்ததும் இங்கேதான். இன்று மசூதிகளும் தர்காக்களும் மீன்பிடிப் படகுகளுமாக அமைதியான ஊர். சுற்றுலாத்தலம் என்று பலகை வைக்க எதுவும் இல்லை. முகத்துவாரத்தில் நின்றால் ஆலா பறவைகள் மீனுக்குத் தலைகுப்புற விழுவதைப் பார்க்கலாம். எனக்கு அது போதும்.

ரயிலிலும் பேருந்திலும் செய்யக்கூடிய பயணம் மூன்றில் இது ஒன்றுதான். சிதம்பரத்தில் இறங்கினால் மற்றதெல்லாம் 20 கிலோமீட்டருக்குள்.

சென்னைக்காரர்கள் வேடந்தாங்கலை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்பார்கள். பறவைக்கு அது அருமையான ஏரி. ஆனால் அதோடு சேர்க்கக் கிடைக்கும் பாலாறு வருடத்தில் பெரும்பகுதி மணல்தான். ஆற்றங்கரை வேண்டும் என்ற கணக்கில் அது சேரவில்லை.

எனக்கு ஒரே ஒரு நாள்தான் உண்டு, கூட அம்மாவும் இரண்டு குழந்தைகளும் வருகிறார்கள் என்றால் யோசிக்காமல் நெல்லை. தனியாகவோ பறவை நண்பர்களோடோ என்றால் கரைவெட்டி. எங்கே போனாலும் கிளம்புவதற்கு முந்தின நாள் பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவிடும் இபேர்ட் (eBird) தளத்தில் அந்த இடத்தின் கடைசி இரண்டு வாரப் பட்டியலைப் பாருங்கள். ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, பறவை வந்திருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். கரைவெட்டிப் பட்டியலில் வரித்தலை வாத்து தென்படுகிறதா என்று இந்த டிசம்பரில் நானும் தினம் பார்த்துக்கொண்டிருப்பேன்.