எம்ஜிபி பின் டிரம் பிரேக்: குறை ஒரே ஒரு கிளிப்பில்தான்

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பின் டிரம் பிரேக்கைப் பிரித்துப் புதுப்பிப்பதா, டிஸ்க் பிரேக்குக்கு மாறிவிடுவதா என்று கேட்டார். நெடுநாள் ஓட்டிய அனுபவத்தில் சொல்கிறேன், பிரேக்கில் குறையே இல்லை. 1962 முதல் 1980 வரை வந்த இந்த வண்டிக்குப் பின்னால் 10 அங்குல டிரம். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் டிஸ்க் பார்த்துக்கொள்வதால் பின் ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த கட்டை) மெதுவாகத்தான் தேயும். ஹேண்ட்பிரேக் மேட்டிலும் வண்டியை அசையவிடாது.

கோபமெல்லாம் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரை, அதைத் தாங்கும் பேக் பிளேட் என்ற தகட்டோடு பிடிக்கும் வில்தகடு கிளிப் மீதுதான். இரண்டு போல்ட் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். சிலிண்டரின் கழுத்து தகட்டைத் தாண்டிப் பின்பக்கம் நீளும். அதிலுள்ள காடியில் கிளிப்பின் மூன்று கால்களும் விழ வேண்டும். கை நுழையாத இடம் அது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஒரு கால் விழும்போது இன்னொன்று நழுவும், கிளிப்பும் வளைந்துபோகும். வளைந்ததை மறுபடி போடவே கூடாது. கிளிப் முழுதாக அமரவில்லை என்றால் ஒவ்வொரு மிதிக்கும் சிலிண்டர் ஆடும், பிரேக் பைப்பும் சேர்ந்து வளையும்.

செய்யத் தெரிந்த வழி இதுதான். சிலிண்டரின் பின்னுள்ள பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்துப் புதியதை வையுங்கள். சிலிண்டருக்கும் ஆக்சில் ஃபிளாஞ்சுக்கும் (அச்சு முனையின் வட்ட விளிம்பு) நடுவே மரத்துண்டை ஆப்பாக அடித்து, சிலிண்டரைத் தகட்டோடு ஒட்டவிடுங்கள். கிளிப்பைக் கழுத்தில் மாட்டி, 1⅛ அங்குல சாக்கெட்டை அதன்மேல் வைத்து ஜி கிளாம்பால் நேராக இறுக்குங்கள். பிளீட் திருகு (பிரேக்கிலிருந்து காற்றை வெளியேற்றும் திருகு) இடித்தால் கழற்றிவிடுங்கள். பைப் நட்டை அதற்குப் பிறகு, ஸ்பேனர் தொடாமல் கையால் சில சுற்று ஏற்றுங்கள். புரி சாய்ந்து ஏறினால் புதுச் சிலிண்டர் வீண்.

பிரித்த கையோடு, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரையும் பார்த்துவிடுங்கள். சாலைத் தண்ணீர் புகுந்து இறுகிப்போயிருக்கும். பலர் பலத்தைக் காட்டியே அதன் ¼ அங்குலச் சதுரத் தலையை உருண்டையாக்கிவிடுகிறார்கள். எண்ணெய் ஊறவிட்டு, முன்னும் பின்னும் மெல்லத் திருப்பி, செப்பு கிரீஸ் தடவிப் போட்டால் சுலபமாகச் சுற்றும். ஷூவில் பிசுபிசுப்பு இருந்தால் அது பிரேக் ஆயிலா ஆக்சில் ஆயிலா என்று பாருங்கள். ஆக்சில் சீல் கசிந்தால் ஷூ மேலுள்ள லைனிங் (உராயும் பட்டை) புதிதாக இருந்தாலும் சீக்கிரமே பாழ். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

ஹேண்ட்பிரேக் கேபிளைத் தளர்த்திய பிறகே ஷூவைச் சரிசெய்ய வேண்டும். டிரம் பூட்டிக்கொள்ளும்வரை அட்ஜஸ்டரைத் திருப்பி, ஒரு கிளிக் பின்வாங்குங்கள். அதன்பின் பிரேக் பைப்பிலுள்ள காற்றை வெளியேற்றினால்தான் பெடலின் உண்மை நிலை தெரியும்.

ஆக, டிஸ்க்குக்கு மாறத் தேவையில்லை. இருந்தும் நண்பருக்கு என் பதில்: சிலிண்டர் கசியாத வரை கிளிப்பைத் தொடாதீர்கள். கசிந்தால், இந்த வண்டியில் பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.